வலைச் செலவில் பாதி உங்களுடையது

பூனை வளர்க்கும் அண்டை அயலாருக்கு,



உங்கள் பூனை எங்கள் வீட்டுக்கு வருகிறது. மாடிப்படியிலும் மொட்டைமாடியிலும் பால் வாங்குகிற இடத்திலும் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. "அது எல்லார் வீட்டுக்கும்தான் போகும்" என்றார் ஒருவர், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற மாதிரி. "ஒண்ணும் பண்ணாது" என்றார் இன்னொருவர். "உங்களை அதுக்குப் பிடிச்சிருக்கு மாமி, அதான் வருது" என்று பழியை என் தலையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் வேறொருவர். நேரில் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியோ சுற்றி வந்து, அது எவ்வளவு சமர்த்து என்பதில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். யார் வீட்டுப் பூனை என்று குறிப்பிடப் போவதில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் இந்தப் பழைய ஃப்ளாட்டுகளில் பூனை வளர்க்கிற எல்லாருக்கும் சேர்த்தே இந்த மடல்.

பூனை மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆசியாவில் மனிதர்கள் பயிரிட்டு, விளைந்ததைச் சேர்த்துவைக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியின் பின்னால் காட்டுப்பூனை வந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுக் கதை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். யாரும் அதைப் பிடித்துவந்து கட்டிப்போட்டதாகத் தெரியவில்லை. எலிக்காக வந்தது, தோதாக இருந்தது, தங்கிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் என் பாட்டி வீட்டிலும் குதிர் இருந்தது, குதிரடியில் பூனை இருந்தது. அது யாருடைய பூனை என்று ஒருவரும் கேட்டதில்லை. அது தெருவுக்குப் பொது.

உங்கள் பூனையின் கதை வேறு. அதற்குப் பெயர் இருக்கிறது, பிறந்தநாள் இருக்கிறது, தனியாகக் கிண்ணமும் மெத்தையும் இருக்கின்றன. சில பூனைகளை நீங்கள் நல்ல காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆக, அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் உண்டு. அந்த உரிமை உங்கள் வாசற்படியோடு தீர்ந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. மடியில் படுத்திருக்கும்போது "எங்க செல்லக்குட்டி". எங்கள் தயிர்ப் பாத்திரத்தில் வாய் வைத்ததும் "பூனைன்னா அப்படித்தான்". இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போன பூனை எங்கெல்லாம் போகிறது என்று உங்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் அதற்குள் ஆபீஸ் கிளம்பிவிடுகிறீர்கள். நான் வீட்டிலேயே இருக்கிறவள்; எனக்கு அதன் தடம் மனப்பாடம். உங்கள் பால்கனிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஏசி வெளிப்பெட்டி. அங்கிருந்து சன்ஷேடு. சன்ஷேடு முடிகிற இடத்தில் மழைநீர்க் குழாய். குழாயைத் தாண்டினால் எங்கள் அடுக்களை ஜன்னல். விடியற்காலையிலும் அந்தியிலும்தான் பூனைக்குச் சுறுசுறுப்பு அதிகம், அது வேட்டையாடும் பொழுது. எங்கள் வீட்டில் பால் காய்வதும் மீதிச் சாப்பாட்டை எடுத்துவைப்பதும் அதே பொழுதுகளில்தான். ஜன்னலில் கம்பி இருக்கிறதே என்பீர்கள். பூனையின் காறையெலும்பு நம்முடையதைப் போல மற்ற எலும்புகளோடு மூட்டுப் போட்டு நிற்பதில்லை, தசைக்குள்ளேயே மிதக்கிறது. எனவே தலை நுழைகிற சந்தில் தோளும் நுழைந்துவிடும். தலை நுழையுமா என்பதை மீசை சொல்லிவிடும். எழுபதுகளில் இந்த ஜன்னல்களுக்குக் கம்பி வைத்தவர்கள் திருடனை நினைத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

வந்து என்ன செய்கிறது? உலர்ந்த துணிக் குவியலின் மேல் படுத்து எழுந்து போகிறது. சரி, துணியை மறுபடி தோய்த்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் பிழிந்துவைத்த வடாத்தின் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து போகிறது. ஸ்கூட்டர் சீட்டில் நகத்தைத் தீட்டுகிறது. இதில் மட்டும் எனக்குக் கோபமும் வியப்பும் சமமாக வரும், ஏனென்றால் இத்தனை வண்டிகளில் புது உறை போட்ட வண்டி எது என்று அதற்கு எப்படியோ தெரிகிறது. நகத்தைத் தீட்டுவது அதற்குச் சேட்டை இல்லையாம். நகத்தின் மேலுறை உரிந்து கீழே புது நகம் வருவதற்கு அது வேண்டும். பாதத்தில் உள்ள வாடைச் சுரப்பிகளால் அந்த இடத்தில் தன் முத்திரையைப் பதித்துவிட்டும் போகிறது. தேங்காய் நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டையை உங்கள் வீட்டில், அது தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில், உடம்பை நீட்டிப் பிறாண்டுகிற உயரத்தில் நிறுத்தினால் பெரும்பாலான பூனைகள் அதற்கு மாறிவிடும். கட்டையும் கயிறும் ஒரு சீட் உறையின் விலைகூட ஆகாது.

பூந்தொட்டி விஷயம் இதைவிடக் கனமானது. மண் தளர்வாக, ஈரம் குறைவாக எங்கே கிடைத்தாலும் பூனை அங்கே தோண்டி, கழித்து, மூடிவிடும். தெருக்கோடியில் வீடு இடித்துக் கட்டுகிறவர்கள் கொட்டிவைத்த மணல்மேடு இப்போது இந்தத் தெருப் பூனைகளின் பொதுக் கழிப்பிடம். சாயங்காலத்தில் குழந்தைகள் அதில்தான் வீடு கட்டி விளையாடுகின்றன. உங்கள் வீட்டுக்குள் மணல்தட்டு இருக்கிறதா, தினமும் அள்ளுகிறீர்களா என்று நான் கேட்பதை வம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுக்கான தட்டைப் பூனை தொடாது. உங்கள் தட்டு சுத்தமாக இருந்தால் என் துளசித் தொட்டி தப்பிக்கும்.

இனி அந்த "ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சு.

எங்கள் மாடியில் ஒரு வீட்டில் இழுப்பு உள்ள பையன் இருக்கிறான். பூனை முடியால்தான் ஒவ்வாமை வருகிறது என்று நினைக்கிறோம். மூல காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கித் துடைக்கும்போது புரதம் முடியில் ஏறி, உலர்ந்து, தூசியைவிட மெல்லிய துகளாகக் காற்றில் மிதக்கிறது. திரைச்சீலையிலும் சோபாவிலும் ஒட்டிக்கொண்டால் பூனை வீட்டைவிட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும். ஆகவே "வந்துட்டு உடனே போயிடுதே" என்ற சமாதானம் அந்தப் பையனின் நெஞ்சுக்குப் போதாது.

இன்னொரு வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண் இருக்கிறாள். பூனை என்றாலே கருவுக்கு ஆகாது என்று அவள் மாமியார் தொலைபேசியில் பயமுறுத்துகிறார். நீங்களோ எல்லாம் மூடநம்பிக்கை என்கிறீர்கள். உண்மை நடுவில் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரி பூனையின் குடலில்தான் முட்டை போன்ற வடிவத்தை உருவாக்கும். அந்த வடிவம் மலத்தில் வெளியேறும். கர்ப்ப காலத்தில் முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு இது தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். அதே சமயம், ஒரு பூனை முதன்முறை தொற்றிய பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் பெரும்பாலும் இதை வெளியேற்றும். வெளியேறிய உடனே அது தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆகவேண்டும். தினமும் மணல்தட்டை அள்ளிவிடும் வீட்டில் ஆபத்து மிகவும் குறைவதற்கு இதுவே காரணம். பூனையைத் தடவிக்கொடுத்தால் வந்துவிடாது. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை காய்கறி, தோட்டத்து மண் வழியாகவும் வரும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால்தான் யாரும் அள்ளாத அந்தப் பூந்தொட்டியும் மணல்மேடும் மோசம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: தொட்டி வேலையை வேறு யாராவது செய்யட்டும், நீ செய்தே ஆகவேண்டுமென்றால் கையுறை போட்டுக்கொள், கீரையை நன்றாக அலசு, பூனையைப் பார்த்துப் பதற வேண்டாம், மற்றதை உன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

ரேபிஸ் என்றால் நமக்கு நாய்தான் நினைவுக்கு வரும். பூனைக்கும் வரும், பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மனிதருக்கும் வரும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடியாத நோய். பிறாண்டல்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள் இந்தத் தெருவில் உண்டு. பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். காயத்தின் ஆழத்தைப் பார்த்து வேறு மருந்தும் தேவைப்படலாம், அதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: உங்கள் பூனைக்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள். என் பேரன் கையில் கீறல் விழுகிற அன்று, பூட்டிய உங்கள் கதவுக்கு முன்னால் நின்று உங்கள் ஆபீசுக்கு போன் போட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கருத்தடையைப் பற்றிப் பேசினால் உங்களில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "வாயில்லா ஜீவனுக்கு ஏன் அந்தப் பாவம்" என்று ஒருவர் கேட்டார். பாவக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். குட்டிகள் பால்குடி மறக்கிற காலத்திலேயே தாய்க்கு மறுபடி பருவம் வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்றால், அவற்றுக்கு வீடு தேடித் தருவது நீங்களா நானா? யாருமில்லை. பாதி கார் சக்கரத்தடியில் போகிறது, மழைக்காலத்தில் சூட்டுக்காக பானட்டுக்குள் ஏறிப் படுத்து சில போகின்றன, மிஞ்சியது நாய்க்கு. குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அந்த ஏழில் ஒன்று எங்கள் வீட்டுப் பரணாக இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் கொலுபொம்மைகளோடு மூன்று குட்டிகள். கண் திறக்காதவற்றை எடுத்து வெளியே போட யாருக்கு மனசு வரும்? அந்த ஆண்டு கொலுவைத் தள்ளிப்போட முடியாது, குட்டிகளையும் தள்ளிப்போட முடியாது. கடைசியில் செட்டியார் பொம்மை ஒருபக்கக் காது இல்லாமல்தான் படியேறினார்.

கடுவன்கள் வேறு மாதிரி. அறுவை செய்யாத கடுவன் தன் எல்லையைப் பெரிதாக வகுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் சுற்றும். எதிரியைப் பார்த்தால் குழந்தை அழுகிற குரலில் ஊளையிட்டுச் சண்டைக்கு நிற்கும். வாலைத் தூக்கி நடுங்கவைத்து, கதவு நிலையிலும் செருப்பு ஸ்டாண்டிலும் பீய்ச்சி அடிக்கும். ஒருமுறை வாடை பிடித்த இடத்துக்கு மறுபடி மறுபடி வரும். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் மூத்திர வாடையைப் புதுப்பித்துக் கொடுத்ததாக ஆகும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதி கலந்த திரவம்தான் அந்த வாடையை வேரோடு உடைக்கிறது. ஆனால் நான் துடைத்துக்கொண்டே இருப்பதைவிட நீங்கள் ஒருமுறை அறுவை செய்வது சுலபம். அறுவைக்குப் பிறகு சுற்றல், சண்டை, பீய்ச்சல் மூன்றும் பெரும்பாலான கடுவன்களிடம் வெகுவாகக் குறையும். சண்டைக் காயத்தில் சீழ் பிடித்து நீங்கள் அலைவதும் குறையும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கேயோ உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடமோ கேளுங்கள். ஐந்தாறு மாத வயதில் செய்துவிடலாம் என்பார்கள்.

உங்கள் பூனைக்கு நீங்கள் மட்டும்தான் சோறு போடுகிறீர்கள் என்ற நினைப்பு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் அதன் பெயர் லியோவாக இருக்கலாம். இரண்டு வீடு தள்ளி அதுவே மணி, கீழ்வீட்டில் அது சுந்தரி. கடுவனுக்கு சுந்தரி என்று பெயர். ஒவ்வொரு வீட்டிலும் பசியோடு இருப்பதாக நடிக்கிறது. இரக்கத்தால் கிண்ணம் வைக்கும் புண்ணியவதிகளே, பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், அது உங்கள் வீட்டுவரை தாங்காமல் என் மிதியடியில் ஆகிவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறும் அதற்கு நஞ்சுதான். மூத்திரம் அடைத்துக்கொண்டு தனி உணவு சாப்பிடுகிற கடுவன்களும் உண்டு. உங்கள் கைக் கருவாடு அதன் உயிருக்கே உலையாகலாம். ஒரு பூனைக்கு வேறு வீடு இருக்கிறதா என்று தெரியவேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. காகிதப் பட்டையில் "இது எந்த வீட்டுப் பூனை?" என்று எழுதி, இழுத்தால் கிழிகிற மாதிரி தளர்வாகக் கழுத்தில் ஒட்டி அனுப்புங்கள். பதில் அதே பட்டையில் திரும்பி வரும்.

கழுத்துப்பட்டை என்றதும் இன்னொன்று. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் கூட்டம் போட்டுத் தவிக்கவேண்டும். மடியில் வைத்துக் கொஞ்சுகிற உங்களுக்கு அதில் என்ன கஷ்டம்? எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தானே கழன்றுவிடுகிற கொக்கி உள்ள பட்டையாகப் பார்த்து, அதில் மணியும் உங்கள் போன் எண்ணும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அணில்களுக்கும் நல்லது, எனக்கும் அது வருவது முன்கூட்டியே தெரியும்.

உங்கள் கட்சி ஆள்களிடம் இவ்வளவு சொன்னேன். என் கட்சிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம்.

பூனை வருகிற வழியில் பாச்சை உருண்டை போடுகிறவர்களே, பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறவர்களே, அது பூனையை விரட்டாது, கொல்லும். பல நஞ்சுகளை மனித ஈரல் ஒரு வேதிமாற்றம் செய்து வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. பினாயில் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே போதும். நமக்குக் காய்ச்சல் மாத்திரையாக இருக்கும் பாரசிட்டமால் ஒன்று உள்ளே போனால் ஒரு பூனை செத்துப்போகலாம். எலிக்கு வைத்த விஷம் எலி வழியாகப் பூனைக்கும் போய்ச் சேரும். கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கவிடுகிறவர்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆரஞ்சுத் தோலும் காப்பித்தூளும் ஓரிரு நாள் முகத்தைச் சுளிக்கவைக்கும். அதற்குமேல் ஒன்றுமில்லை.

சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவது நம் ஊரில் பழைய வழக்கம். அது திரும்பி வருவதும் அவ்வளவே பழையது. 1922-இலேயே ஹெரிக் என்கிற அமெரிக்க உயிரியலாளர், குட்டிகளைப் பிரிந்த தாய்ப்பூனை ஒன்றை மூடிய பையில் வைத்துச் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, அது வீடு திரும்புவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். திரும்பாத பூனைக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமும் இருக்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960, அடிப்பதையும் நஞ்சு வைப்பதையும் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் ஊர்க்காரர், கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அதில் முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைக்கு அதற்கு நல்ல ஹோட்டலில் ஒரு மசால்தோசைகூட வராது. அதை வைத்துச் சட்டத்தை லேசாக எடைபோட வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கைக் கொல்வதற்கும் நஞ்சு வைப்பதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பூனைக்காக என் வயதில் யாரும் காவல் நிலையப் படியேற வேண்டாம். அதேபோல், சங்கத்தில் தீர்மானம் போட்டுப் பூனையைத் தடைசெய்யலாம் என்று கிளம்பியிருக்கும் செயலாளர் அவர்களுக்கும்: குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்யக் கூடாது என்று விலங்கு நல வாரியம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தை எழுதுகிற நேரத்தில் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்கலாம்.

என் நாத்தனார் பெண் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அங்கே அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் முப்பது ஆண்டுக்கு மேல் பூனை வளர்க்கவே தடை. ஒளித்துவைத்து வளர்த்தவர்கள் ஏராளம். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அனுமதி கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், மைக்ரோசிப், வெளியே திரியவிடாமல் ஜன்னலுக்கு வலை போன்ற ஏற்பாடு. அவள் வீட்டுப் பூனை அன்றைக்குத்தான் சட்டப்படி குடிமகன் ஆனது என்று சிரித்தாள். நம் ஊரில் இத்தனை ஒழுங்கு வருமா என்பது தனி விஷயம். எனக்கு அதில் பிடித்தது வலை. நீங்கள் பூனையை வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரர் தன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். அடைத்துவைத்தால் அதற்கு ஏக்கம் பிடிக்கும் என்பீர்கள். ஜன்னலோரம் ஏறி உட்கார ஒரு பலகை, தினமும் இரண்டு வேளை பத்து நிமிடம் கயிற்றையோ பந்தையோ ஆட்டி விளையாட்டு, விளையாட்டு முடிந்ததும் சாப்பாடு, இவ்வளவு இருந்தால் வீட்டுக்குள்ளேயே நிம்மதியாக இருக்கும் பூனைகள் எத்தனையோ உண்டு. புதிதாக இரண்டாவது பூனை வாங்கிய பிறகுதான் உங்கள் பழைய பூனை எங்கள் வீட்டில் அடைக்கலம் தேட ஆரம்பித்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். இருவருக்கும் தனித்தனியாகச் சாப்பாட்டுக் கிண்ணமும் மணல்தட்டும் வைத்தால் ஒருவேளை அது வீட்டிலேயே தங்கும்.

இதெல்லாம் உங்களால் ஆகிற காரியங்கள். என் பங்குக்கு நான் ஜன்னல்களுக்கு வலை அடிக்கப் போகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னலை மூடிவைத்து உட்கார இது ஊட்டி இல்லை. கொசுவுக்கு ஒட்டுகிற நைலான் வலையை உங்கள் பூனை ஒரே நாளில் கிழித்துவிட்டது. இம்முறை அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் கம்பிவலை. வலையால் எனக்குக் கொசுத் தொல்லையும் குறையும் என்பதால் முழுச் செலவையும் உங்களிடம் கேட்பது நியாயமில்லை. பூனை இல்லாவிட்டால் எனக்கு நைலானே போதும் என்பதால் முழுச் செலவையும் நானே ஏற்பதும் நியாயமில்லை. ஆகவே பாதி. அதைப் பூனை வளர்க்கிற வீடுகள் சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். "எங்க பூனை உங்க வீட்டுக்கு வர்றதே இல்லையே" என்கிறவர்கள் ஒருநாள் விடியற்காலை என் அடுக்களையில் வந்து உட்காருங்கள், காப்பி போட்டுத் தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வலை அடிக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை காலை அளவெடுக்க வருகிறார். உங்கள் பால்கனிகளுக்கும் சேர்த்து வேலை கொடுத்தால் சதுர அடிக்கு விலை குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டும் என்கிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் வாட்ச்மேனிடம் வீட்டு எண்ணைச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அட்டையின் நகலையும் அவரிடமே கொடுத்துவைக்கலாம்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி, அடுக்களை ஜன்னல் வீட்டு மாமி